மாமாவின் ரேடியோ செட்டும் ஒரு சின்னப் பெட்டியும்

போன வருசம் ஒரு பாவம் பண்ணப் பார்த்தேன். மாமாவோட ரிக்கார்டுகளைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட இருந்தேன்.

மாமா சின்னமனூர்ல ரேடியோ செட் வச்சிருந்தவர். கல்யாணம், காதுகுத்து, சித்திரையில வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழான்னு எங்கே பந்தல் போட்டாலும் புனல் குழாய் கட்டப் போயிடுவார். 1976ல 'அன்னக்கிளி' வந்தப்ப, பண்ணைப்புரத்துக்காரர் போட்ட பாட்டைக் கம்பம் பள்ளத்தாக்கு பூரா அலற விட்டது இந்த மாதிரிக் குழாய்கள்தான். மாமா போனப்புறம் மிஞ்சினது நாற்பது சொச்சம் ரிக்கார்டு.

ஆசை ஆசையா ஒரு புது டர்ன்டேபிள் வாங்கி, நேரா ஆம்ப்ளிஃபயர்ல சொருகினேன். கொசு பாடற மாதிரி ஒரு சத்தம். தபேலாவே காணோம்! 'தட்டெல்லாம் செத்துப் போச்சு'ன்னு முடிவு கட்டிட்டேன். தட்டுமேல தப்பே இல்லைன்னு புரிய ரெண்டு மாசம் ஆச்சு.

விசயம் இதுதான். இசைத்தட்டுல பாட்டை அப்படியே வெட்ட முடியாது. பேஸ் ஓசைக்குப் பள்ளம் ரொம்ப அகலமா அலையும், தட்டுல இடம் பத்தாது. அதனால வெட்டும்போதே பேஸைக் குறைச்சு, கீச்சு ஓசையைக் கூட்டி வெட்டுவாங்க. கேக்கும்போது அதைத் திருப்பிப் போடணும். எவ்வளவு குறைக்கிறது, கூட்டுறதுன்னு கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கணக்கு வச்சிருந்தாங்க. 1954ல அமெரிக்க ரிக்கார்டு கம்பெனிகளோட சங்கம் ஒரே கணக்கைக் கொண்டு வந்தது. ஆர்ஐஏஏ வளைவுன்னு பேரு. 20 ஹெர்ட்ஸ்ல சுமார் 19 டெசிபல் ஏத்தணும், 20,000 ஹெர்ட்ஸ்ல சுமார் 20 டெசிபல் இறக்கணும். இந்த வேலையைச் செய்யற பெட்டிதான் ஃபோனோ ப்ரீஆம்ப்.

அப்போ மாமாகிட்ட ஏன் அந்தப் பெட்டி இல்லை? அவர் செட்ல இருந்தது செராமிக் கார்ட்ரிட்ஜ். அது தானாவே அரை வோல்ட் பக்கம் தரும். ஏத்த இறக்கமும் ஓரளவுக்குத் தன்னாலயே சரியாயிடும். அதனால நேரா ஆம்ப்ளிஃபயர்ல சொருகினாப் போதும். ஆனா பாரம் ஜாஸ்தி, தட்டு சீக்கிரம் தேயும். இப்ப வர்ற காந்தக் கார்ட்ரிட்ஜ் ரெண்டு கிராம் பாரத்துல பூ மாதிரி உக்காரும். அது தர்றதோ வெறும் 5 மில்லிவோல்ட். அதை நூறு மடங்கு பெருக்கினாத்தான், அதாவது 40 டெசிபல் ஏத்தினாத்தான், பாட்டு பாட்டா இருக்கும்.

சரி, ஒரு சாதா ப்ரீஆம்ப் வாங்கினேன். தபேலா வந்துச்சு. கூடவே 'ம்ம்ம்'னு ஒரு இரைச்சலும் வந்துச்சு. டர்ன்டேபிள் ஹால்ல, ஸ்பீக்கர் அம்மா படுக்கிற ரூம்ல. நடுவுல எட்டு மீட்டர் ஒயர், கரண்டு ஒயரை ஒட்டியே போகுது. அப்பத்தான் மாமா சொல்லுறது ஞாபகம் வந்துச்சு: "மைக் ஒயரையும் லைட் ஒயரையும் சேத்துக் கட்டாதடா, குழாய் மொனங்கும்."

இந்த முனகலுக்கு மருந்து கண்டுபிடிச்சது டெலிபோன்காரங்க. கிரகாம் பெல் 1881லயே ரெண்டு கம்பியை முறுக்கிப் பேட்டன்ட் வாங்கிட்டார். ஒரு கம்பியில சிக்னல், இன்னொண்ணுல அதே சிக்னல் தலைகீழா. வழியில சேர்ற இரைச்சல் ரெண்டுலயும் ஒரே மாதிரி ஏறும். கடைசியில ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணைக் கழிச்சா இரைச்சல் காலி, பாட்டு மட்டும் ரெட்டிப்பு. இதுதான் பேலன்ஸ்டு. ரேடியோ நிலையங்கள்லயும் மேடை மைக்குலயும் காலங்காலமா ஓடுற சங்கதி, இப்ப வீட்டுப் பெட்டிக்கும் வந்திருக்கு.

ரொம்ப விலை போகாம பேலன்ஸ்டு அவுட்புட் கிடைக்கிறதுல ஐஃபை ஜென் ஃபோனோ, புரோஜெக்ட் ஃபோனோ பாக்ஸ் டிஎஸ்3 பி ரெண்டையும் பார்த்தேன். முதலாவதுல இருக்கிறது 4.4 மில்லிமீட்டர் துளை. எக்ஸ்எல்ஆருக்கு மாத்தற ஒயர் தனியா வாங்கணும். ரெண்டாவதுல எக்ஸ்எல்ஆரே இருக்கு. என் ஸ்பீக்கர்ல எக்ஸ்எல்ஆர் துளை இருந்ததால ரெண்டாவதை எடுத்தேன். முனகல் அடங்கிடுச்சு.

அன்னக்கிளியைப் போட்டேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுட்டே இருந்தாங்க. திடீர்னு, "இந்த எடத்துல ஊசி குதிக்குமேடா, எந்தம்பி தட்டுல"ன்னாங்க.

குதிச்சுச்சு.

டிஸ்கி: உங்க ஒயர் ஒரு மீட்டர்தானா? ஆம்ப்ளிஃபயர்ல பேலன்ஸ்டு துளையும் இல்லையா? அப்ப பேலன்ஸ்டுக்குக் காசு கொட்டாதீங்க. அந்தக் காசுக்கு நல்ல ஊசி வாங்குங்க. தட்டை மட்டும் எடைக்குப் போட்டுடாதீங்க :-)