தரவரிசைச் சார்புகள்: எஸ்கியூஎல் வினவலும் மாத்தளையின் மாவட்ட நிலையும்

தரவரிசைச் சார்புகள் என்பவை, தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லின் வினவல் விடையில் வரும் ஒவ்வொரு நிரைக்கும் அது எத்தனையாம் இடத்தில் நிற்கிறது என்ற எண்ணை இட்டுத் தருபவை. ரோ நம்பர், ரேங்க், டென்ஸ் ரேங்க், என்டைல் ஆகிய நான்கும் பரவலாக வழங்குகின்றன. பர்சென்ட் ரேங்க், க்யூம் டிஸ்ட் ஆகியவையும் இதே குடும்பம்தான். குரூப் பை போட்ட வினவல் பல நிரைகளை ஒரே நிரையாக ஒடுக்கிவிடும். தரவரிசைச் சார்பு எதையும் ஒடுக்காது. எல்லா நிரைகளையும் அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு நிரலை மட்டும் சேர்க்கும்.

இலங்கையில் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த எடுத்துக்காட்டு க.பொ.த. உயர்தரப் பெறுபேறு. பெறுபேற்றில், பாடக் கடினத்தை ஈடுசெய்த சராசரிப் புள்ளியான இசட் புள்ளியோடு மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை என்று இரண்டு எண்கள் வரும். பெறுபேறு வெளியான அன்று மாத்தளையில் பிள்ளையிடம் முதலில் கேட்கும் கேள்வியே “மாவட்டத்தில எத்தனையாவது?” என்பதுதான். ஒரே புள்ளிக்கு இரண்டு வெவ்வேறு நிலைகள் எப்படி வருகின்றன என்று விளங்கிக்கொண்டவருக்குத் தரவரிசைச் சார்பின் பாதி விளங்கிவிட்டது.

எஸ்கியூஎல்லின் சொற்களைத் தமிழ் எழுத்தில் வைத்தால், மாவட்ட நிலைக்கான வரி இப்படி அமையும்:

ரேங்க்() ஓவர் (பார்டிஷன் பை மாவட்டம், பாடப்பிரிவு ஆர்டர் பை இசட்புள்ளி டெஸ்க்)

ஓவர் என்ற சொல், இந்தச் சார்பு எந்த நிரைகளைப் பார்த்து எண்ண வேண்டும் என்று சொல்ல வருகிறது. ஆர்டர் பை எதைக் கொண்டு வரிசைப்படுத்துவது என்று சொல்கிறது. டெஸ்க் என்றால் பெரியதிலிருந்து சிறியதற்கு. பார்டிஷன் பைதான் இங்கே உயிர். மாத்தளை மாவட்டத்து உயிரியல் பிரிவு ஒரு கூட்டம், கண்டி மாவட்டத்து உயிரியல் பிரிவு இன்னொரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்திலும் எண்ணிக்கை 1இலிருந்து புதிதாகத் தொடங்கும். அந்த வரியிலிருந்து ‘மாவட்டம்’ என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் அதுவே அகில இலங்கை நிலை ஆகிவிடும்.

ரேங்க், டென்ஸ் ரேங்க், ரோ நம்பர் ஆகிய மூன்றும் வேறுபடுவது சமபுள்ளி வரும்போதுதான். ஒரு கூட்டத்தில் நால்வரின் இசட் புள்ளிகள் 2.1104, 1.9876, 1.9876, 1.7420 என்று வைத்துக்கொள்வோம். ரேங்க் இவர்களுக்கு 1, 2, 2, 4 என்று இடும். இருவர் 2ஆம் இடத்தில் நிற்பதால் 3ஆம் இடம் காலி. டென்ஸ் ரேங்க் 1, 2, 2, 3 என்று இடைவெளி விடாமல் எண்ணும். ரோ நம்பர் 1, 2, 3, 4 என்று இட்டுவிடும். இதில் கவனம் வேண்டும். ஒரே புள்ளி எடுத்த இருவரில் யாருக்கு 2, யாருக்கு 3 என்பதற்கு ரோ நம்பரிடம் எந்த நியாயமும் இல்லை. அதே வினவலை மறுநாள் ஓட்டினால் இருவரும் இடம் மாறியிருக்கவும் கூடும். இதைத் தவிர்க்கச் சிலர் ஆர்டர் பையில் பரீட்சைச் சுட்டெண்ணையும் சேர்ப்பார்கள். விடை அப்போது மாறாமல் நிற்கும். ஆனால் சிறிய சுட்டெண் உள்ளவர் முன்னே நிற்க என்ன தகுதி? பொருட்பட்டியலைப் பக்கம் பக்கமாகக் காட்டுவதற்கு அந்த வழி போதும். மனிதரை வரிசைப்படுத்தும் இடத்தில் ரேங்க்தான் நேர்மையானது.

என்டைல், கூட்டத்தைக் கேட்ட எண்ணிக்கையிலான பகுதிகளாகப் பிரிக்கும். 10 நிரைகளை 4 பகுதியாக்கச் சொன்னால் 3, 3, 2, 2 என்று வரும். சமபுள்ளி எடுத்த இருவரை இரண்டு பகுதிகளில் பிரித்துப் போடவும் அது தயங்காது. பர்சென்ட் ரேங்க், ரேங்கில் 1ஐக் கழித்து, கூட்டத்தின் எண்ணிக்கையில் 1ஐக் கழித்து வரும் எண்ணால் வகுப்பது. 1,001 பேரில் 100ஆம் இடம் என்றால் 0.099.

இந்தச் சார்புகள் தரவுத்தளங்களுக்குள் மெதுவாகத்தான் வந்தன. ஒராக்கிள் 8ஐ பதிப்பு 1990களின் இறுதியில் இவற்றைக் கொண்டுவந்தது. 2003ஆம் ஆண்டின் எஸ்கியூஎல் தரநிலையில் முழுமையாக இடம்பெற்றன. எஸ்கியூஎல் சேர்வர் 2005இலும், போஸ்ட்கிரஸ் 8.4 பதிப்பின் வழியே 2009இலும், மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பின் வழியே 2018இலும் ஏற்றன. எஸ்கியூலைட்டும் 2018இல்தான். அதற்கு முன் ஒருவரின் நிலையைக் காண, அவரைவிடக் கூடிய புள்ளி எடுத்தவர்களை எண்ணி 1ஐக் கூட்டும் உள்வினவலை ஒவ்வொரு நிரைக்கும் எழுத வேண்டியிருந்தது. இரண்டரை இலட்சம் பரீட்சார்த்திகளுக்கு அப்படிச் செய்தால், இண்டெக்ஸ் எனப்படும் சுட்டி எதுவும் இல்லாத அட்டவணையில் 6,250 கோடி ஒப்பீடுகள். ஒருமுறை வரிசைப்படுத்திவிட்டு மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஏறத்தாழ 45 இலட்சம் ஒப்பீடுகளில் வேலை முடியும்.

புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது முட்டிக்கொள்ளும் இடம் வேர் நிபந்தனை. வேர் நிபந்தனை முதலில் நிரைகளை வடிகட்டும்; தரவரிசை அதற்குப் பின்னர்தான் கணிக்கப்படும். ஆகவே ‘நிலை 10க்குள்’ என்ற நிபந்தனையை அதே வினவலின் வேர் பகுதியில் எழுத முடியாது. தரவரிசை இட்ட வினவலை உள்ளே வைத்து, வெளியே இன்னொரு வினவலில் வடிகட்ட வேண்டும். டெராடேட்டா, ஸ்னோஃப்ளேக், பிக்குவெரி போன்றவற்றில் குவாலிஃபை என்ற சொல் இந்தச் சுற்றைத் தவிர்க்கிறது. இதே ஒழுங்கு இன்னொரு பிழைக்கும் வழிவிடும். வேர் பகுதியில் ‘மாவட்டம் = மாத்தளை’ என்று எழுதிவிட்டு அகில இலங்கை நிலையைக் கேட்டால், மற்ற 24 மாவட்டங்களும் எண்ணத் தொடங்கும் முன்பே மறைந்துவிடும். மாத்தளையின் முதலாமவர் நாட்டின் முதலாமவராகத் தெரிவார்.

அடுத்தது நல் எனப்படும் வெற்றுப் பெறுமானம். பரீட்சைக்கு வராத ஒருவரின் இசட் புள்ளி நிரலில் எதுவும் இருக்காது. போஸ்ட்கிரஸும் ஒராக்கிளும் வெற்றுப் பெறுமானத்தை எல்லாவற்றிலும் பெரியதாகக் கொள்கின்றன. ஆகவே இறங்குவரிசையில், மண்டபத்துக்கே வராதவர் 1ஆம் இடத்தில் நிற்பார், 2.1104 எடுத்த பிள்ளை 2ஆம் இடத்துக்குத் தள்ளப்படும். எஸ்கியூஎல் சேர்வரும் மைஎஸ்கியூஎல்லும் வெற்றுப் பெறுமானத்தைச் சிறியதாகக் கொள்வதால் அங்கே இந்தச் சிக்கல் தெரியாது. ஓரிடத்தில் சரியாக ஓடிய வினவலை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் அடி விழும். நல்ஸ் லாஸ்ட் என்ற இரண்டு சொற்கள் போஸ்ட்கிரஸிலும் ஒராக்கிளிலும் இதைத் தீர்க்கும். தசமத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். 1.98762, 1.98758 இரண்டும் நான்கு தசமத்துக்கு மட்டம்தட்டினால் 1.9876. மட்டம்தட்டிய பின் தரவரிசை இட்டால் இருவரும் சமம். அதற்கு முன் இட்டால் ஒருவர் பின்னால் போவார், ஏன் என்பது தாளில் தெரியாது.

இனி, பல்கலைக்கழக அனுமதியில் கூட்டத்தைப் பிரிக்கும் சொல்லுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பல கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்களை அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதத்தை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதத்தைக் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கிவந்திருக்கிறது. மாத்தளை அந்த 16இல் இல்லை. அதன் எல்லையில் உள்ள அநுராதபுரமும் பொலன்னறுவையும் பதுளையும் உள்ளன. 2012 குடிசன மதிப்பீட்டில் மாத்தளை மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 4,85,000. நாட்டின் சனத்தொகையில் 2.4 வீதம் அளவு. மாவட்டக் கோட்டாவில் மாத்தளைக்கு உரியதும் அந்த அளவுதான்.

வினவலில் இதை இரண்டு படியாக எழுத வேண்டும். முதலில் நாடளாவிய தரவரிசை. அதில் திறமை அடிப்படையில் இடம் பெற்றவர்களை நீக்கிவிட்டு, எஞ்சியவர்களை மாவட்டவாரியாகப் பகுத்து மறுபடி தரவரிசை. ஒரே படியில் எழுதினால் மேலே போனவர்கள் மாவட்டத்து இடங்களையும் அடைத்துக்கொள்வார்கள். அந்த மாவட்டம் என்ற நிரலில் என்ன இருக்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பொதுவாக அது வீட்டின் மாவட்டம் அன்று, பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் படித்த பாடசாலையின் மாவட்டம். உக்குவளையில் வீடு, காலை ரயிலேறிக் கண்டியில் படிப்பு என்றிருக்கும் பிள்ளை கண்டிக் கூட்டத்தில் எண்ணப்படும். மாத்தளை நகரப் பாடசாலையும் வில்கமுவ, லக்கல பக்கத்துப் பாடசாலையுமோ ஒரே கூட்டம். மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் தூரத்தை இந்தப் பகுப்பு காணாது. கல்வி வலயத்தையும் பார்டிஷன் பையில் சேர்த்து ஒரு தரம் ஓட்டிப் பார்க்கிறவருக்கு அது கண்ணில் படும்.

தமிழருக்கு இது ஏட்டுக் கணக்கு அன்று. 1970களின் தொடக்கத்தில் பரீட்சார்த்திகளை மொழி மூலத்தால் பிரித்துப் புள்ளிகளைச் சரிக்கட்டியதுதான் தரப்படுத்தல். 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. பார்டிஷன் பைக்குப் பின்னால் ஒருமுறை மொழி நின்றது, பிறகு மாவட்டம் நின்றது என்று சொல்லலாம். ஒரு தலைமுறையின் படிப்பும் கசப்பும் அந்த இடத்தில் நின்ற சொல்லால் தீர்மானமாயின.

இசட் புள்ளி 2001இல் அறிமுகமானது. ஒரு பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுப்பது அது. கடினமான பாடம் எடுத்தவர் மூலப்புள்ளியில் இழப்பதை அது ஈடுசெய்கிறது. இதிலும் ஒரு பகுப்பு உண்டு: பாடவாரியாக. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய பாடத்திட்டத்தில் சிலரும் புதிய பாடத்திட்டத்தில் சிலரும் தோற்றினார்கள். இரு சாராரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்ததை எதிர்த்து வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012இல் நீதிமன்றம் அந்தக் கணிப்பைச் செல்லாததாக்கி, இரு சாராரையும் இரண்டு வேறு கூட்டங்களாகக் கொண்டு மறுபடி கணிக்கும்படி தீர்ப்பளித்தது. வினவலாக எழுதினால், பார்டிஷன் பை பாடம் என்றிருந்ததைப் பார்டிஷன் பை பாடம், பாடத்திட்டம் என்று மாற்றச் சொன்ன தீர்ப்பு அது. நாட்டின் உச்ச நீதிபீடம் பரிசீலிக்க வேண்டியிருந்தது ஒரு நிரலின் பெயரை.

பாடசாலையிலோ வலயக் கல்விப் பணிமனையிலோ தரவரிசை இட்டுப் பட்டியல் ஒட்டுகிறவர்கள், அதன் அடியில் இரண்டு வரி சேர்த்து எழுதிவிடுங்கள்: எந்தக் கூட்டத்துக்குள் எண்ணினோம், சமபுள்ளிக்கும் வராதவருக்கும் என்ன செய்தோம் என்று. அந்தப் பட்டியலில் தன் பெயரைத் தேடும் பிள்ளைக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.