2,603 குருவிகளும் ஒரு வரலாற்று மாணவரும்

1925 நவம்பரில் லண்டனின் கென்சிங்டன் கார்டன்ஸ் பூங்காவில் இரண்டு சகோதரர்கள் குருவி எண்ணினார்கள். அவர்களில் ஒருவர் மக்ஸ் நிக்கல்சன். அப்ப அவருக்கு 21 வயது. ஏதோ அரிய பறவையைத் தேடிப் போனார்கள் என்று நினைக்காதீர்கள். எங்கட வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சட்டியைக் கட்டிவிட்டால் வந்து கூடு வைக்கிற அதே சிட்டுக்குருவிதான். எண்ணி முடிய வந்த தொகை 2,603.

லண்டனில் குருவிக்கு என்ன பஞ்சம், அதைப் போய் யாராவது எண்ணுவார்களா என்று அந்த நேரம் கேட்டிருக்கலாம். ஆனால் அதே பூங்காவில் 1948இல் எண்ணியபோது இருந்தது 885. 1975இல் 544. 2000ஆம் ஆண்டில் 8. ஆயிரம் விடுபடவில்லை, எட்டே எட்டுத்தான்.

நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆள். பறவை ஆராய்ச்சி என்றால் அது விஞ்ஞானபீடத்துப் பிள்ளைகளின் வேலை என்றுதான் எங்கட பக்கத்தில் பொதுவாக நினைக்கிறோம். ஆனால் இந்த நான்கு எண்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். இது எங்கட பாடம். முதல் வீழ்ச்சிக்குச் சொல்லப்படுகிற முக்கிய காரணம் குதிரை. 1925இல் லண்டன் தெருக்களில் இன்னும் குதிரை வண்டிகள் ஓடின. குதிரைக்கு வைக்கும் தானியம் சிந்தும், குருவி பொறுக்கித் தின்னும். மோட்டார் வாகனம் வந்து குதிரை போக, குருவியின் சாப்பாடும் போனது. ஒரு நகரத்தின் போக்குவரத்து வரலாறு ஒரு குருவிக் கணக்கில் பதிந்து கிடக்கிறது. 1975க்குப் பிந்திய வீழ்ச்சிக்கு என்ன காரணம் என்று இன்றைக்கும் வாதாடுகிறார்கள். அப்படி வாதாடவாவது முடிவதற்குக் காரணம், 1925இல் எழுதி வைத்த அந்த எண்.

இந்தக் குருவிக் கணக்குக்கு அடுத்த வருடம் நிக்கல்சன் ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவர் படித்த பாடம் வரலாறு.

துவக்கிலிருந்து கொப்பிக்கு

அவருக்கு முந்திய காலத்தில் பறவையியல் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அவர் செய்ததன் புதுமை விளங்கும். 19ஆம் நூற்றாண்டில் பறவை ஆராய்ச்சி என்றால் முதலில் துவக்கு. சுடுவது, தோலை உரித்துப் பதப்படுத்துவது, பெயர் எழுதிக் கட்டி அருங்காட்சியகத்துக்கு அனுப்புவது. முட்டை சேகரிப்பவர்கள் கூட்டையே காலி செய்துவிட்டுப் போவார்கள். எங்கட தீவின் பறவைகளைப் பற்றி 1878க்கும் 1880க்கும் இடையில் பகுதி பகுதியாக வெளிவந்த பெரிய நூலுக்குப் பெயரே 'இலங்கைப் பறவைகளின் வரலாறு'. அதை எழுதிய வின்சென்ட் லெக் பிரித்தானியப் பீரங்கிப் படையின் அதிகாரி. அந்த நூலை இன்றைக்கும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். ஆனால் அந்த அறிவு பேரரசின் பாதையால், பேரரசின் துவக்கோடு வந்தது என்பதையும் மறக்க ஏலாது.

உயிரோடு இருக்கிற பறவையைப் பார்த்து அது என்ன செய்கிறது என்று எழுதுவதும் ஒரு விஞ்ஞானம்தான் என்று காட்டிய முக்கியமான ஒருவர் ஜூலியன் ஹக்ஸ்லி. 1912இல் விடுமுறைக்குப் போன இடத்தில், கொண்டை முக்குளிப்பான்கள் சோடி சேர முன்னர் தண்ணீரில் ஆடும் ஆட்டத்தை அவர் நாள்கணக்காகப் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1914இல் அது கட்டுரையாக வந்தது. கையில் இருந்தது தொலைநோக்கியும் கொப்பியும். பறவை நடத்தை பற்றிய படிப்பில் அந்தக் கட்டுரைக்கு இன்றும் ஒரு இடம் உண்டு.

ஒக்ஸ்ஃபோர்டில் மாணவர்களின் பறவையியல் சங்கம் 1921இல் தொடங்கியது. 1927இல் நிக்கல்சனும் சகாக்களும் ஒக்ஸ்ஃபோர்ட் பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி சின்னது. வயலும் வேலியும் பற்றையுமாக இருக்கிற ஒரு சாதாரண நிலத்தில் எத்தனை பறவை வாழுது? எந்த இனம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். எத்தனை என்று ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த வருடம், 1928இல், நிக்கல்சன் இதை நாட்டளவுக்குக் கொண்டுபோனார். ஒரு பறவைச் சஞ்சிகை மூலம் வாசகர்களிடம் கேட்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாம்பல் நாரைகளின் கூடுகளை எண்ணினார்கள். நாரையைத் தெரிவு செய்தது கெட்டித்தனம். பெரிய பறவை, உயர்ந்த மரங்களில் கூட்டமாகக் கூடு வைக்கும், எந்த மரத்தில் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். பட்டம் பெற்ற நிபுணர் தேவையில்லை. ஊரில் இருக்கிற ஆசிரியரோ தோட்டக்காரரோ போதும். அந்தக் கணக்கெடுப்பு இன்றைக்கும் நடக்கிறது. 1962-63 கடும் குளிரில் தண்ணீர் உறைந்து நாரைகள் செத்துக் குறைந்ததும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்ததும் அந்த ஏட்டில் பதிந்திருக்கிறது.

இந்த மாணவர் முயற்சியிலிருந்துதான் 1932இல் பிரித்தானியப் பறவையியல் அறக்கட்டளை உருவானது. அதற்குப் பணம் வந்த ஒரு வழியைக் கேளுங்கள். அந்தப் பறவைச் சஞ்சிகையை நடத்திய ஹரி விதர்பி தன்னிடம் இருந்த பறவைத் தோல் சேகரிப்பை அருங்காட்சியகத்துக்கு விற்று, அந்தக் காசைக் கொடுத்தார். செத்த பறவைகளை விற்ற காசில் உயிருள்ள பறவைகளை எண்ணத் தொடங்கினார்கள்.

இந்தக் கதையை முழுக்கப் புகழ்ந்துவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. 1920களின் ஒக்ஸ்ஃபோர்டில் படிக்க வந்தவர்களில் பெரும்பாலானோர் வசதியான வீட்டு ஆண் பிள்ளைகள். மாலையில் வயல்வெளியில் நடந்து பறவை எண்ண அவர்களுக்கு நேரம் இருந்தது. அதே காலத்தில் அவர்கள் நாட்டின் குடியேற்றங்களில், எங்கட தீவு உட்பட, மாணவர்களுக்கு அந்த வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்? எண்ணுகிற உரிமையும் எல்லாருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படவில்லை.

எண்ணியவருக்குத் தெரியாத கேள்வி

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த விஷயம், எண்ணிய ஆட்களுக்குத் தங்கள் கணக்கு எந்தக் கேள்விக்குப் பதிலாகும் என்று தெரிந்திருக்கவில்லை என்பதுதான்.

1960 அளவில் பிரித்தானியாவில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் ஒரு முறைப்பாடு வைத்தார்கள். பொரி வல்லூறுகள் கூடிவிட்டன, எங்கட புறாக்களைப் பிடிக்கின்றன, அவற்றுக்குரிய சட்டப் பாதுகாப்பை எடுங்கள் என்று. சரி, எண்ணிப் பார்ப்போம் என்று அந்த அறக்கட்டளை மூலமாக 1961இலும் 1962இலும் கணக்கெடுத்தார்கள். முன்னின்று நடத்தியவர் டெரெக் ரட்கிளிஃப். முடிவு நேர்மாறாக வந்தது. வல்லூறுகள் கூடவில்லை, போருக்கு முந்திய தொகையை விடப் பெரிதும் குறைந்திருந்தன. பழைய கூடுகளின் விபரங்கள் எழுதி வைக்கப்பட்டிருந்தபடியால்தான் அந்த ஒப்பீடு சாத்தியமானது. பிறகு ரட்கிளிஃப் அருங்காட்சியகங்களிலும் தனியார் பெட்டிகளிலும் கிடந்த பழைய முட்டைகளை எடுத்துப் பார்த்தார். டிடிடி பாவனைக்கு வந்த 1940களின் பிற்பகுதியிலிருந்து முட்டை ஓடு மெலிந்திருந்தது. 1967இல் அதை வெளியிட்டார். ஓடு மெலிந்தால் அடைகாக்கும் தாயின் பாரத்திலேயே முட்டை உடையும். சேகரிப்பு ஆசையில் ஒரு காலத்தில் களவெடுத்த முட்டைகள், பூச்சிநாசினிக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றன.

இன்னொரு உதாரணம் ஒக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வைத்தம் காடு. எங்கட பட்டாணிக் குருவிக்கு நெருங்கிய சொந்தமான ஒரு சிறு பறவை அங்கே பெட்டிகளில் கூடு வைக்கிறது. 1947இல் டேவிட் லக் அதைத் தொடங்கினார். முதல் முட்டை எந்தத் திகதியில், எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு பறந்தது என்று ஒவ்வொரு வசந்தத்திலும் எழுதுகிறார்கள். ஒரு தலைமுறை மாணவர்கள் போக அடுத்த தலைமுறை வந்து அதே பெட்டிகளைத் திறக்கிறது. லக் தொடங்கும்போது காலநிலை மாற்றம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் 1960களோடு ஒப்பிட்டால் அந்தப் பறவைகள் இப்ப சுமார் இரண்டு வாரம் முந்தியே முட்டையிடுகின்றன என்பது அந்த ஏட்டிலிருந்துதான் தெரிய வந்தது.

இது எங்களுக்குப் பழக்கமான விஷயம். ஒரு கோயில் கணக்கேட்டை எழுதிய கணக்கப்பிள்ளை, பிற்காலத்தில் யாரோ ஒரு மாணவி அதை வைத்து அரிசி விலை பற்றி ஆய்வு செய்வாள் என்று நினைத்து எழுதவில்லை.

எங்கட தீவில்

இலங்கையில் இந்த மரபு பல்கலைக்கழகத்துக்குள் வேர்விட்டது 1976இல். கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையோடு சேர்ந்து இலங்கைக் களப் பறவையியல் குழு தொடங்கியது. அதன் பின்னால் நின்றவர் பேராசிரியர் சரத் கொட்டகம. 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் தறிக்கப்பட்ட சிங்கராஜக் காட்டில், அந்தத் தறிப்பு நின்ற பிறகு, அவரும் மாணவர்களும் பல வருடங்களாகக் கலப்புப் பறவைக் கூட்டங்களைப் பதிவு செய்தார்கள். ஒரு கூட்டத்தில் சுமார் 12 இனங்கள், 40 பறவைகள் சேர்ந்து இரை தேடும். நடுவில் புலுனியின் காட்டுச் சொந்தங்கள், கூடவே கொண்டைக் கரிச்சான். கொட்டகமவும் எபன் குடேலும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கரிச்சான் ஆபத்து நேரத்தில் மற்றப் பறவைகளின் எச்சரிக்கைக் குரலைப் பாவனை செய்கிறது என்று காட்டினார்கள். அந்தக் காடு 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

வடக்குக்கு வந்தால் கதை வேறு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல் தொடங்கி ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. வடக்கில் அந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வங்காலைக்கோ சுண்டிக்குளத்துக்கோ தொலைநோக்கியோடு ஒருவர் போய் நிற்க முடியாத காலம் அது. தொலைநோக்கி வைத்திருப்பதே பிரச்சினையான காலம். பூநாரைகள் வந்திருக்கும், போயிருக்கும். போரில் நாங்கள் இழந்ததன் பட்டியலில் இது கடைசியில் எங்கேயோதான் வரும், அது நியாயமும்கூட. ஆனாலும் அது ஒரு இழப்பு. காணாமல் போன அந்த வருடங்களை இனி யாராலும் எண்ண ஏலாது.

இதன் விலை இப்ப தெரிய வருகிறது. மன்னார்த் தீவில் 2020இல் 30 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. இன்னும் அமைப்பதா என்ற பிரச்சினை உயர்நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கில் வலசைப் பறவைகளும் ஒரு தரப்பு மாதிரி. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்குப் பூட்டிவிட்ட ஜிபிஎஸ் கருவி, அவை ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போவதைக் காட்டியது. நல்ல சான்று. ஆனால் "முந்தி எவ்வளவு வந்தது, இப்ப எவ்வளவு" என்ற கேள்விக்கு நீண்ட தொடர் எண்கள் வேண்டும். இடைவெளி உள்ள ஏட்டைக் காட்டி, பறவை குறைந்ததற்கு ஆதாரம் எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்டால் என்ன சொல்வது?

குருவிக்கும் அதே நிலைதான். "முந்தி எங்கட வளவு முழுக்கக் குருவி, போன் டவர் வந்த பிறகுதான் இல்லாமல் போனது" என்று ஊரில் சொல்லுவினம். இருக்கலாம். முற்றம் சீமெந்து ஆனதாலோ, நெல்லுக் காயப்போடுவது நின்றதாலோ, வீட்டுக் கூரை மாறியதாலோ கூட இருக்கலாம். எந்த வருடம் எத்தனை என்று எழுதிய ஒரு கொப்பி இருந்தால் பேசிப் பார்க்கலாம்.

ஆகவே கலைப்பீடத்து ஆட்களிடம் ஒரு வேண்டுகோள். இதற்கு விலங்கியல் பட்டம் தேவையில்லை. உங்கள் கம்பஸ் வளவோ, ஊர்க் குளமோ, தாம்போதி ஓரமோ, ஒரு இடத்தைத் தெரிவு செய்யுங்கள். மாதத்தில் ஒரு நாள், அதே நேரம், அதே பாதை. திகதி, நேரம், காலநிலை, இனம், எண்ணிக்கை, எண்ணியவர் பெயர் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒன்றையும் காணாவிட்டால் பூச்சியம் என்று எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள். பிந்தி வருபவர் வெறுமையான பக்கத்தைப் பார்த்தால், பறவை இல்லையா, நீங்கள் போகவில்லையா என்று அவருக்குத் தெரியாது. கடற்றொழிலாளரும் வயல்காரரும் பறவைகளுக்கு வைத்திருக்கிற பெயர்களையும் கேட்டுப் பதியுங்கள். எந்தப் பறவை எந்தக் காற்றோடு வரும் என்று அவர்கள் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த வேலையை எங்களை விட நன்றாக யாரும் செய்ய மாட்டார்கள்.

நான்கு வருடத்தில் நீங்கள் கம்பஸை விட்டுப் போய்விடுவீர்கள். போக முன்னர் கொப்பியை அடுத்த பற்ச் கையில் குடுத்துவிட்டுப் போங்கள்.