எட்டும் நீரும் எட்டா நீரும்

வாலாஜாபாத்தில் பாலாற்றங்கரையில் நிற்பவர்க்கு ஆண்டின் பெரும்பகுதியில் தெரிவது மணற்பரப்பே. நீர் அதன் அடியில் இருக்கிறது. அதைக் கைக்கு எட்டச் செய்வது எவ்வாறு? யாருடைய கைக்கு எட்டச் செய்வது? இவ்விரு வினாக்களோடு பின்னிக்கிடக்கிறது இவ்வட்டாரத்தின் வரலாறு.

கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, ஆந்திரத்தைக் கடந்து, 348 கிலோமீட்டர் ஓடி, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. இதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் உள்ளது. சில நாட்களே பெருக்கெடுக்கும் இவ்வாற்றை மட்டும் நம்பி நம் முன்னோர் வாழவில்லை. மழையையும் பெருக்கையும் காவேரிப்பாக்கம், தென்னேரி, உத்திரமேரூர் முதலிய ஏரிகளில் தேக்கினர். வெள்ளம் வடிந்தபின் ஆற்றுமணலில் ஊற்றுக்கால்வாய் வெட்டி, அடிநீரை வயலுக்குக் கொணர்ந்தனர். மணல் மீண்டும் மீண்டும் மூடும். ஆகவே பலர் கூடித் தூர் வாரினால்தான் நீர் வரும். கூட்டுறவே அன்று வாய்க்காலைக் காத்தது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை முறையில் தேர்ந்த அறுவர் கொண்ட ஏரி வாரியத்தைக் கூறுகின்றன. பெருமைப்படத்தக்க ஏற்பாடுதான். ஆயினும் வாரியத்தில் இடம்பெறக் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம் உடையவராய் இருத்தல் வேண்டும். நிலமற்றவன் ஏரியருகே வாழலாம். ஏரியைப் பற்றி முடிவெடுக்க அவனுக்கு இடமில்லை.

அந்தத் தொலைவு நூற்றாண்டுகள் கடந்தும் குறையவில்லை. செங்கற்பட்டுச் சீமையிற் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலையில் நடக்கவும் பொதுக்கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கவும் ஒடுக்கப்பட்டோர்க்குத் தடையில்லை என 1924 இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர வேண்டியிருந்தது. கண்ணெதிரே கிடந்த நீரை எட்டுவதற்கே ஒரு தீர்மானம் தேவைப்பட்டது!

பின்னர் மின்விசையும் ஆழ்துளைக் கிணறும் வந்தன. ஆழமாகத் துளையிடப் பணமுள்ளவர் கிணறு நிறைய, பக்கத்து எளியவரின் கிணறு வற்றியது. நீரைத் தாங்கி நின்ற மணல் அள்ளப்பட்டதால் ஆற்றின் தளம் தாழ்ந்தது. ஊற்றுக்கால்வாய்களின் தலைவாய் மேலே நின்றுவிட்டது. மேற்கே வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் அது இதே துயரைப் பற்றி மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. நீர் இருந்தும், கெட்ட நீர் எட்டாத நீரே.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. வாலாஜாபாத்–அவளூர் தரைப்பாலம் சேதமுற்றது. மணலாய்க் கிடந்த ஆறு சில நாட்களில் கடலை அடைந்தது. தேக்கி வைக்க வேண்டிய ஏரிகளைக் காக்காதவர்க்கு வெள்ளமும் வறட்சியும் ஒன்றே.

ஒரு வடிநிலத்தின் நீர்வளத்தை மதிப்பிடுவோர் எத்தனை கன அடி என்று கணக்கிடுகின்றனர். அதுவும் வேண்டும். அதனோடு, ஊர்க்கோடியில் வாழும் தாய் ஒரு குடம் நல்ல நீருக்கு எவ்வளவு தொலைவு நடக்கிறாள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறாள், யாரிடம் கையேந்துகிறாள் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். அந்தக் கணக்கைத் தொடங்க நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் தெருக்குழாயில் தொடங்கலாம்.