ஹலிபட்: எவ்வளவு என்ற கேள்வியும் யாருக்கு என்ற கேள்வியும்

வரலாறு படிக்கிற ஆக்களுக்கு 'ஹலிபட் உடன்படிக்கை' என்ற பெயர் எங்கேயாவது ஒருதரம் கண்ணில் பட்டிருக்கும். பொதுநலவாய நாடுகளின் அரசியலமைப்பு வரலாற்றில் அதற்கு ஒரு வரி உண்டு. 1923 மார்ச் 2ஆம் திகதி வொஷிங்டனில் கனடா அமெரிக்காவுடன் ஒரு உடன்படிக்கை செய்தது. அதுவரை கனடாவுக்காக பிரிட்டிஷ் தூதுவரும் சேர்ந்து கையெழுத்து வைப்பதுதான் வழக்கம். இந்த முறை பிரதமர் மக்கென்சி கிங் அதற்கு இடம்கொடுக்கவில்லை. கனடாவின் மீன்பிடி அமைச்சர் ஏர்னஸ்ட் லப்போயின்ட் தனியாகக் கையெழுத்து வைத்தார். டொமினியன் நாடுகள் பிரிட்டனின் கையை விட்டு நடக்கப் பழகிய கதையில் இது ஒரு படி. 1931இன் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அடுத்த பெரிய படி. 1948இல் இலங்கை ஏறி நின்றதும் அதே ஏணியில்தான்.

இவ்வளவும் பாடத்தில் வரும். ஆனால் அந்த உடன்படிக்கை எதைப் பற்றியது என்று யாரும் கேட்பதில்லை. அது இறைமையைப் பற்றியதல்ல, ஒரு மீனைப் பற்றியது. அந்த மீனின் கதை கையெழுத்தின் கதையை விடப் பெரியது. ஒரு கடலில் இருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று இரண்டு நாடுகள் சேர்ந்து நூறு வருடமாகக் கணக்குப் பார்த்த கதை அது. கணக்குச் சரியாக வந்த பிறகும் பிரச்சினை ஏன் முடியவில்லை என்பதுதான் அதில் நான் கவனித்த விசயம்.

முதலில் மீனைப் பார்ப்பம். பசிபிக் ஹலிபட் எங்கட நாக்குமீன் மாதிரித் தட்டையானது. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போல இரண்டு பக்கமும் கண் இருக்கும். வளர வளர இடது கண் மெல்ல நகர்ந்து வலது பக்கத்துக்கு வந்துவிடும். பிறகு கடலின் அடித்தளத்தில் கண்ணுள்ள பக்கம் மேலே தெரியப் படுத்துக்கொண்டு சீவிக்கும். நாக்குமீனுக்கும் இதற்கும் ஒற்றுமை அதோடு சரி. பெரிய பெண் ஹலிபட் 200 கிலோவையும் தாண்டும். ஐம்பது வருடத்துக்கு மேலும் உயிர் வாழும். ஆனால் ஒரு பெண் மீன் முட்டை போடும் பருவத்துக்கு வர ஏறத்தாழ 12 வருடம் எடுக்கும். இந்த இலக்கத்தை மனதில் வைத்திருங்கோ. இன்றைக்கு பெரிய மீன்களைப் பிடித்து முடித்தால், அந்த இடத்தை நிரப்பப் பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த மக்களுக்கு இந்த மீன் புதிதல்ல. மக்காஹ், ஹைடா, ட்லிங்கிட் போன்ற பழங்குடி மக்கள் நீண்ட காலமாக இதைப் பிடித்து, உலர்த்தி, விற்று வந்தார்கள். அவர்களின் மரத் தூண்டில் இன்றைக்கு அருங்காட்சியகங்களில் கலைப்பொருளாக இருக்கிறது. இரண்டு மரத்துண்டுகளை V வடிவில் கட்டி, உள்ளே எலும்பிலோ இரும்பிலோ ஒரு முள், வெளியே செதுக்கிய உருவம். அதன் வாயகலத்துக்குள் மிகச் சின்ன மீனும் அகப்படாது, மிகப் பெரிய மீனும் அகப்படாது, நடுத்தர மீன்தான் கொழுவும். பெரியது தப்புவது சின்ன விசயமில்லை. 50 இறாத்தல் பெண் மீன் ஏறத்தாழ ஐந்து இலட்சம் முட்டை போடும் என்றால், 250 இறாத்தல் மீன் ஏறத்தாழ நாற்பது இலட்சம் போடும். எந்த மீனை விடவேண்டும் என்ற விதி, எழுதப்படாமல் தூண்டிலிலேயே இருந்தது.

பெரிய வியாபாரம் 1888இல் வந்தது. அத்திலாந்திக் கரையில் ஹலிபட்டை அதற்கு முன்பே பிடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். நியூ இங்கிலாந்தில் இருந்து பாய்க்கப்பல்கள் பசிபிக் பக்கம் வந்து, வொஷிங்டன் மாநிலக் கரைக்கு அப்பால் தூண்டில் போட்டன. மீன் அங்கே எப்போதும் இருந்ததுதான். புதிதாக வந்தது புகையிரதப் பாதை. பசிபிக் கரையில் பிடித்த மீனை ஐஸில் வைத்து கண்டத்தைக் கடந்து பொஸ்டன், நியூயோர்க் சந்தைகளுக்கு அனுப்பலாம் என்று ஆன பிறகு, கரையோர மக்களின் உணவு முழு நாட்டுக்குமான சரக்காக மாறிவிட்டது. பாய்க்கப்பலுக்குப் பிறகு நீராவிக் கப்பல், பிறகு இயந்திரப் படகு. பக்கத்துக் கடலில் மீன் குறையக் குறைய கப்பல்கள் வடக்கே அலாஸ்கா நோக்கிப் போயின. 1915இல் பிடி 69 மில்லியன் இறாத்தல்.

பார்ப்பவர்களுக்கு இது வளர்ச்சி. மொத்தப் பிடி கூடிக்கொண்டு போகுதே, பிறகு என்ன பிரச்சினை? பிரச்சினையை இலக்கத்தில் காட்டியவர் வில்லியம் தொம்சன் என்ற இளம் விஞ்ஞானி. 1914 முதல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்காக ஹலிபட்டை ஆராய்ந்தவர். அவர் மொத்தப் பிடியோடு நிற்கவில்லை. மீனவர்கள் நூல்கயிற்றை 'ஸ்கேட்' என்ற அளவில் கட்டிவைப்பார்கள், ஒவ்வொன்றிலும் வரிசையாகத் தூண்டில்கள். கப்பல் தலைவர்களின் குறிப்புப் புத்தகங்களை எடுத்து, ஒரு ஸ்கேட் போட்டால் எத்தனை இறாத்தல் வருகிறது என்று வருடம் வருடமாகப் பார்த்தார். பழைய மீன்பிடி இடங்களில் அது பல மடங்கு விழுந்திருந்தது. தூரம் கூடியதால், தூண்டில் கூடியதால்தான் மொத்தப் பிடி உயரத்தில் நின்றது. கடல் வெறுமையாகிக்கொண்டிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 1923இன் கையெழுத்து வருகிறது. உடன்படிக்கை இரண்டு வேலை செய்தது. நவம்பர் 16 முதல் பெப்ரவரி 15 வரை ஹலிபட் பிடிப்பதை மூடியது. இரு நாடுகளுக்கும் பொதுவான ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. தொம்சன் அதன் ஆய்வுப் பணிப்பாளரானார். இன்று அதன் பெயர் சர்வதேச பசிபிக் ஹலிபட் ஆணைக்குழு, தலைமையகம் சியாட்டிலில்.

குளிர்கால மூடுகாலத்தை மீன்பிடித் துறையே கேட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் புயல், மீனின் தரமும் குறைவு, சந்தை விலையும் குழம்பும். அதனால் யாருக்கும் பெரிதாக நோகாத விதி அது. நோகாத விதியால் மீனுக்கும் பெரிய பயன் கிடைக்கவில்லை. மூன்று மாதம் பிடிக்காததை மற்ற ஒன்பது மாதத்தில் பிடித்துவிட்டார்கள். ஆணைக்குழு தனக்கு இன்னும் அதிகாரம் வேண்டும் என்று இரு அரசுகளிடமும் கேட்டது. 1930இல் புதிய உடன்படிக்கை வந்தது. 1932 முதல் கரையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் வருடத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைத்தார்கள். குஞ்சுமீன் வளரும் இடங்களை மூடினார்கள். வரம்பு நிரம்பியதும் பருவம் முடியும்.

மீன் திரும்பி வந்தது. ஒரு ஸ்கேட்டுக்கு வரும் பிடி உயர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் மொத்தப் பிடி 70 மில்லியன் இறாத்தலைத் தாண்டியது. கடல் மீன்வளத்தை விஞ்ஞானத்தால் காப்பாற்றலாம் என்பதற்கு உலகம் காட்டிய உதாரணமாக ஹலிபட் ஆனது. இதையும் எல்லோரும் அப்படியே ஏற்கவில்லை. 1940களின் கடைசியில் மார்ட்டின் பேர்க்கன்ரோட் என்ற உயிரியலாளர், மீன் கூடியதற்குக் காரணம் சட்டமா, கடலின் இயற்கையான ஏற்ற இறக்கமா என்று கேட்டார். அவருக்கும் தொம்சனுக்குமான விவாதம் மீன்வள விஞ்ஞானத்தில் பிரபலமானது. இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. ஏனென்றால் பிறகு, உச்சவரம்பு இருந்தபோதே மீன் மறுபடி சரிந்தது. வெளிநாட்டு இழுவைப்படகுகளின் மடிகளில் ஹலிபட் அள்ளுண்டது, இளம் மீன்களின் வரவும் குறைந்தது. 1974இல் பிடி ஏறத்தாழ 21 மில்லியன் இறாத்தல்தான்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. உச்சவரம்பு 'எவ்வளவு' என்று சொன்னது. 'யார்' என்று சொல்லவில்லை. கடலில் இருக்கும் வரை மீன் யாருக்கும் சொந்தமில்லை, படகில் ஏறினால்தான் சொந்தம். வரம்பு நிரம்பமுதல் என் பங்கை எடுக்க வேண்டும் என்றால் நான் மற்றவனை விட வேகமாகப் போக வேண்டும். எல்லோரும் அப்படி யோசிப்பார்கள்தானே. படகுகள் கூடின, பருவம் சுருங்கியது. 1930களின் தொடக்கத்தில் மாதக்கணக்கில் இருந்த பருவம், 1950களில் தெற்குப் பகுதியில் ஒரு மாதத்துக்கும் குறைந்தது.

இதன் உச்சக்கட்டம் 1980களிலும் 90களின் தொடக்கத்திலும். அலாஸ்காவில் பெரும்பாலான பகுதிகளுக்கு வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான் கடல் திறந்தது, ஒவ்வொன்றும் 24 மணித்தியாலம். திகதி முன்கூட்டியே குறிக்கப்பட்டுவிடும். அன்றைக்குப் புயலடித்தாலும் போக வேண்டும். போகாவிட்டால் வருட வருமானம் இல்லை. நித்திரை இல்லாமல், தாங்கக்கூடியதை விடப் பாரம் ஏற்றி, ஆட்கள் கடலில் செத்தார்கள். நேரம் முடிய, எடுக்க முடியாத தூண்டில்களை வெட்டிவிட்டு வந்தார்கள். அவை அடியில் கிடந்து யாருக்கும் பயனில்லாமல் மீனைக் கொன்றன. ஒரே நாளில் மலையாகக் குவிந்த மீனைப் பழுதாகமுதல் உறையவைக்க வேண்டியிருந்ததால் விலையும் இல்லை. இதெல்லாம் நடந்தது மீனைக் காப்பாற்றும் சட்டத்துக்குள்ளேதான். யாரும் சட்டத்தை மீறவில்லை.

கனடா 1991இல் ஒரு மாற்றம் செய்தது. அதற்கு முந்தைய வருடம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பருவம் ஆறே நாள். புதிய முறையில் உரிமம் பெற்ற 435 படகுகளுக்கும் வரம்பைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். உன் பங்கு உனக்கு, அவசரப்படத் தேவையில்லை. பருவம் ஏறத்தாழ எட்டு மாதமாக நீண்டது. மீன் புதிதாகச் சந்தைக்குப் போனது, விலை கூடியது. 1995இல் அலாஸ்காவும் அதே வழிக்கு வந்தது. காற்றடித்தால் வீட்டில் நிற்கலாம் என்பது சின்ன விசயம் மாதிரித் தெரியும். கடற்தொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அது சின்ன விசயமில்லை என்று தெரியும்.

சரி, இப்ப பிரச்சினை முடிஞ்சுதா? 'யாருக்கு' என்ற கேள்விக்குக் கடைசியில் விடை வந்தது, ஆனால் அந்த விடையைப் பாருங்கோ. அலாஸ்காவில் பங்கு போனது 1988க்கும் 1990க்கும் இடையில் மீன் இறக்கிய படகு உரிமையாளர்களுக்கும் படகைக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கும். 1984 முதல் 1990 வரையான வருடங்களில் அவர்களின் சிறந்த ஐந்து வருடப் பிடியை வைத்து அளவு கணக்கிடப்பட்டது. அதே படகில் அதே புயலில் தூண்டில் இழுத்த கூலிக்காரருக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பங்கை விற்கலாம், வாங்கலாம் என்பதால் அது காணி மாதிரி ஆகிவிட்டது. முதலில் கிடைத்தவர்களுக்குச் சும்மா கிடைத்தது. அடுத்த தலைமுறை கடன்பட்டு வாங்க வேண்டும். கரையோரச் சின்னக் கிராமங்களில் பலர் காசுத் தேவைக்கு விற்றுவிட, வீட்டு வாசலில் கடல் இருந்தும் பிடிக்கும் உரிமை ஊரை விட்டுப் போனது. இதைத் தடுக்க ஒருவர் வைத்திருக்கக்கூடிய பங்குக்கு எல்லை, உரிமையாளர் படகில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, கிராமங்களே பங்கு வாங்கும் ஏற்பாடு என்று விதிக்கு மேல் விதி வந்தது.

மரத் தூண்டில் செதுக்கியவர்களுக்கு என்ன நடந்தது? அலாஸ்காவில் பழங்குடி மக்களும் கிராமத்தவரும் வீட்டுச் சாப்பாட்டுக்காக ஹலிபட் பிடிப்பதை சட்டம் நீண்ட காலம் ஒரு தனி வகையாகவே ஏற்கவில்லை. வர்த்தக மீன்பிடி என்று ஒன்று, பொழுதுபோக்கு மீன்பிடி என்று இன்னொன்று. பரம்பரையாகச் செய்துவந்த முறையில் வீட்டுக்குப் பிடிப்பவர் இரண்டிலும் அடங்கவில்லை. சட்டப்படி அது குற்றம். 2003இல்தான் அதற்கென்று ஒரு விதி வந்தது. 1923இல் இருந்து கணக்குப் போட்டால் எண்பது வருடம்.

இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. பெரிங் கடலில் வேறு மீன் பிடிக்கும் பெரிய இழுவைப்படகுகளின் மடிகளில் ஹலிபட்டும் அகப்படும். அவர்கள் அதை வைத்திருக்கக் கூடாது, கடலில் திருப்பிப் போட வேண்டும். போடும்போது பெரும்பாலும் செத்திருக்கும். ஹலிபட் குறைந்த வருடங்களில் சென் போல் தீவு மாதிரி ஊர்களின் சின்னப் படகுகளுக்கான வரம்பைக் குறைத்தார்கள். இழுவைப்படகுகளுக்கான எல்லை மட்டும் ஹலிபட்டின் அளவோடு இணைக்கப்படாத ஒரு இலக்கமாக இருந்தது. அங்கேயுள்ள பெரிய இழுவைப்படகுகளின் எல்லையையும் ஹலிபட்டின் அளவோடு சேர்த்து ஏற்றி இறக்க வேண்டும் என்று வட பசிபிக் மீன்பிடி முகாமைத்துவ சபை 2021 டிசம்பரில்தான் முடிவெடுத்தது.

இதையெல்லாம் வாசித்துவிட்டு உச்சவரம்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அத்திலாந்திக் ஹலிபட்டுக்கு நேரகாலத்தோடு யாரும் கணக்குப் பார்க்கவில்லை, அதன் முடிவு தெரிந்ததே. பசிபிக்கில் இன்றும் மீன் இருக்கிறது என்றால் அதில் தொம்சன் போன்றவர்களின் உழைப்புக்குப் பங்கு உண்டு. ஆனால் 'எவ்வளவு' என்பதை விஞ்ஞானிகள் அளந்து சொல்லலாம். 'யாருக்கு' என்பது அப்படி அளந்து எடுக்கிற விடை இல்லை. அதைக் கேட்காமல் விட்டபோது விடை வராமல் இருக்கவில்லை. முதலில் வேகமான படகு விடை சொன்னது, பிறகு படகின் சொந்தக்காரர், பிறகு காசுள்ளவர். எங்கட புத்தகங்கள் 1923இல் யார் கையெழுத்து வைத்தார்கள் என்று கவனமாக எழுதி வைத்திருக்கின்றன. அந்த மேசையில் யார் இருக்கவே இல்லை என்பதையும் சேர்த்துப் படிப்பதுதான் வரலாறு.