அறுபடாத தடம்: எல்லோருக்குமான மிதிவண்டி வலையமைப்பைத் திட்டமிடுதல்

ஒரு நகரம் மிதிவண்டிக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதைத் தடங்களின் கிலோமீட்டர் கணக்கால் அளப்பதே வழக்கமாக இருக்கிறது. பள்ளிச் சிறுமியும் முதியவரும் மாற்றுத்திறனாளியும் அச்சமின்றி ஓட்ட வேண்டும் என்பது குறிக்கோளானால் இந்த அளவுகோல் உதவாது. வீட்டிலிருந்து பள்ளிக்கும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அச்சமற்ற பாதை எங்கும் அறுபடாமல் செல்கிறதா என்பதே உரிய அளவுகோல் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அதை ஏற்றுக்கொண்டால் நடைமுறையில் ஒரு முடிவுக்கும் வந்தாக வேண்டும். தடங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆண்டுக்கணக்கில் அமைப்பதைவிட, வலையமைப்பின் அடிப்படைச் சட்டகத்தை ஒரே மூச்சில் அமைப்பதே பலன் தரும்.

யாருக்கான திட்டம்?

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகராட்சியில் மிதிவண்டித் திட்டங்களை ஒருங்கிணைத்த ரோஜர் கெல்லர் 2006-இல் நகர மக்களை நான்கு பிரிவாக வகுத்தார். எந்தச் சாலையிலும் துணிந்து ஓட்டுபவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ஓரளவு வசதி இருந்தாலே நம்பிக்கையோடு ஓட்டுபவர்கள் 7 சதவீதம். ஆர்வம் இருந்தும் வாகனங்களுக்கு அஞ்சி ஒதுங்குபவர்கள் 60 சதவீதம். எந்நிலையிலும் ஓட்ட விரும்பாதவர்கள் 33 சதவீதம். இவை அனுபவ மதிப்பீடுகளே. ஆனால் பின்னர் ஜெனிஃபர் டில் நடத்திய ஆய்வும் அஞ்சி ஒதுங்குபவர்களே பாதிக்கு மேல் என்பதை உறுதிப்படுத்தியது.

துணிந்தவர் ஆபத்தான இடத்தை எப்படியோ சமாளித்துக் கடந்துவிடுவார். அஞ்சுபவரோ பாதையின் மிகக் கடினமான இடத்தை வைத்தே முடிவெடுக்கிறார். மூன்று கிலோமீட்டர் பாதையில் 200 மீட்டர் மட்டும் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் இடையே ஓட்ட வேண்டியிருந்தால், மகளைத் தனியே அனுப்பப் பெற்றோருக்கு மனம் வராது. எஞ்சிய 2,800 மீட்டரும் அவளைப் பொறுத்தவரை இல்லாதது போலத்தான்.

இதை அளந்து காட்டியவர்கள் மெக்குரியா, ஃபர்த், நிக்சன் ஆகிய ஆய்வாளர்கள். சான் ஹோசே நகரத் தெருக்களை, ஓட்டுபவருக்கு அவை தரும் பதற்றத்தின் அடிப்படையில் நான்கு படிகளாகப் பிரித்து 2012-இல் ஆய்வறிக்கை வெளியிட்டனர். அந்நகரின் தெருக்களில் பெரும்பாலானவை அமைதியான குடியிருப்புத் தெருக்கள். ஆயினும், பெரியவர்களில் பெரும்பாலோர் தாங்கக்கூடிய பாதைகளை மட்டும் கொண்டு பார்த்தால், ஆறு மைலுக்குட்பட்ட வேலைப் பயணங்களில் 4.7 சதவீதத்துக்கு மட்டுமே முழுப் பாதை கிடைத்தது. அமைதித் தெருக்கள் இருந்தன. ஆனால் அகன்ற பெருஞ்சாலைகள் அவற்றைத் தனித்தனித் தீவுகளாக்கியிருந்தன.

தனித் தடமும் வலையும்

இதே பாடத்தை நெதர்லாந்து முன்பே கற்றிருந்தது. 1970-களில் அந்நாட்டு அரசின் ஆதரவில் தில்பர்க், தி ஹேக் நகரங்களில் உயர்தரமான மாதிரித் தடங்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் கூட்டம் கூடியது. ஆனால் வந்தவர்களில் பலர் பக்கத்துத் தெருக்களில் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தவர்களே. எனவே 1980-களில் டெல்ஃப்ட் நகரில் வேறு வழி பின்பற்றப்பட்டது. நகரம் முழுவதையும் இணைக்கும் வலை ஏறத்தாழ அரை கிலோமீட்டர் இடைவெளியிலும், வட்டாரங்களுக்கான வலை அதைவிட நெருக்கமாகவும், குடியிருப்புக்குள்ளான வலை இன்னும் நெருக்கமாகவும் என மூன்று அடுக்குகளில் திட்டமிட்டார்கள். விடுபட்ட பாலங்களும் சுரங்கவழிகளுமே முதன்மைப் பணிகளாயின. ஏற்கெனவே மிதிவண்டி மிகுந்திருந்த நகரிலும் அதன் பங்கு மேலும் கூடியது.

மிதிவண்டிப் பழக்கம் ஏறக்குறைய அற்றுப்போன நகரில் இது பலிக்குமா என்ற கேள்விக்கு ஸ்பெயினின் செவில் நகரம் விடை தந்தது. ஏறத்தாழ ஏழு லட்சம் மக்கள் வாழும் அந்நகரில் 2006-க்கு முன் மொத்தப் பயணங்களில் மிதிவண்டியின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தடம் ஒரே வலையாக அமைக்கப்பட்டது. 2010 வாக்கில் அது 120 கிலோமீட்டரைத் தொட்டது. பெரும்பாலும் கார் நிறுத்தும் இடங்களிலிருந்தே இடம் எடுக்கப்பட்டது. மோட்டார் வாகனங்களிலிருந்து பிரித்து, பச்சை நிறத்தில், இருவழியாக அமைந்த அத்தடத்தைப் புதியவரும் எளிதில் அடையாளம் கண்டு தொடர முடிந்தது. சில ஆண்டுகளிலேயே மிதிவண்டியின் பங்கு பல மடங்கு பெருகியது. தடங்கள் குறுகலானவை, நடப்பவர்களோடு உரசல் ஏற்படுகிறது என்ற குறைகள் நியாயமானவை. ஆனாலும் ஒவ்வொரு தடமும் இன்னொன்றில் சென்று சேர்ந்ததால்தான் மக்கள் வந்தார்கள்.

‘எல்லோரும்’ யார்?

அறுபடாமை அகலத்தையும் சார்ந்தது. பிரிட்டன் அரசு 2020-இல் வெளியிட்ட வடிவமைப்பு வழிகாட்டி 2.8 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட வண்டியை அளவாகக் கொள்கிறது. மாற்றுத்திறனாளிகளின் மூன்று சக்கர வண்டியும், குழந்தைகளை ஏற்றிச் செல்லும் பெட்டி வண்டியும் அதில் அடங்கும். கட்டைத் தூண்களுக்கு இடையே 1.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது அவ்வழிகாட்டி. மோட்டார் சைக்கிளைத் தடுப்பதற்காகத் தூண்களை நெருக்கி நட்டால் மூன்று சக்கர வண்டிக்காரரின் பயணம் அங்கேயே முடிந்துவிடும். வரைபடத்தில் தொடரும் தடம் அவருக்கு அறுந்த தடமே.

செலவு குறித்த மறுப்பு

நகரம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் பணம் எங்கே என்பது வலுவான மறுப்பு. ஆனால் வலையமைப்பு என்றால் எல்லாத் தெருவிலும் தனித்தடம் என்று பொருளல்ல. வாகனங்கள் குறைவான தெருவில் வேகத்தை 30 கிலோமீட்டருக்குள் அடக்கினால் மிதிவண்டியும் காரும் ஒரே தளத்தில் செல்லலாம். தனித்தடம் தேவைப்படுவது முதன்மைச் சாலைகளில். பெருஞ்செலவு பிடிப்பது சந்திப்புகள், பாலங்கள், ரயில் பாதைக் கடவுகள் ஆகிய இடங்களில். வலை அறுபடுவதும் அங்கேதான். எளிதான இடத்தில் முதலில் தடம் போட்டுச் சந்திப்பைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்னும் திட்டம், செலவழித்த பணத்தையும் பயனற்றதாக்குகிறது.

தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. வண்டி வீடு வந்து சேர்ந்துவிட்டது. பள்ளி வரை அதை ஓட்டிச் செல்லும் பாதைதான் இன்னும் அமையவில்லை. நம் மாநகராட்சிகள் மிதிவண்டித் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் கிலோமீட்டர் கணக்கை விடுத்து, எத்தனை பள்ளிகளுக்குப் பிள்ளைகள் அறுபடாத பாதையில் தனியே ஓட்டிச் செல்ல முடியும் என்ற எண்ணை இட வேண்டும். அந்த எண் உயராத திட்டத்துக்கு நிதி ஒதுக்கக் கூடாது.