சங்கமித்தை இறங்கிய கரையும் ஒரு பெர்லின் ஆச்சியும்

பருத்தித்துறையில் வயதானவர்களிடம் ‘ஜேர்மன் சுவாமி’ என்று சொல்லிப் பாருங்கள். ஒருவர் சந்நிதி முருகன் கோயிலடியில் அவரைக் கண்ட கதை சொல்வார், இன்னொருவர் அவர் பேசிய ஆங்கிலத்தைச் சொல்வார். பெர்லினில் பிறந்த பீற்றர் ஷொன்ஃபெல்ட்தான் அவர், யூத வேர் உள்ளவர். 1930களில் இலங்கைக்கு வந்து, தொடந்துவைக்குப் பக்கத்தில் ரத்கம வாவிக்குள் இருக்கும் பொல்கஸ்துவ தீவு ஆச்சிரமத்தில், ஞானதிலோக தேரரிடம் பௌத்த துறவியானார். போர் வந்ததும் ஜேர்மன்காரர் என்று பிரித்தானியர் அவரைப் பிடித்து டேராடூன் முகாமில் அடைத்தார்கள். அங்கே ஹிட்லருக்கு ஆகாதவர், இங்கே பிரித்தானியருக்கும் ஆகாதவர்! வெளியே வந்தபின் கொழும்புத்துறை யோகர் சுவாமிகளைச் சரணடைந்து, கௌரிபாலா என்ற பெயரோடு தொண்டைமானாற்றங்கரையில் தங்கி, எங்கள் ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். 1984இல் காலமானார்.

அவரைப் பற்றி முன்பும் பலர் எழுதியிருக்கிறார்கள். இந்த வாரம் நான் சொல்ல வந்தது, அதே ரத்கம வாவியின் இன்னொரு தீவில் இருந்த இன்னொரு பெர்லின்காரியைப் பற்றி. இவரும் யூதக் குடும்பம்தான். எங்கள் பக்கத்தில் இவர் பெயர் யாருக்கும் தெரியாது.

இல்ஸே குசெல், 1923 ஓகஸ்ட் 25இல் பிறந்தவர். வசதியான வீட்டின் செல்லப் பெண். 1938இல் பெற்றோர் சீனாவின் ஷாங்காய்க்குத் தப்பினார்கள். மகளை இருநூறு பிள்ளைகளோடு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் அவர் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தார். அங்கேயும் ஜப்பானியர் வந்து அகதிகளை ஒரு மூலைக்குள் அடைத்தார்கள். யுத்தம் முடிய ஐந்து நாள் இருக்கையில் தந்தை இறந்துபோனார்.

பிறகு கலியாணம், அமெரிக்கா, இரண்டு பிள்ளைகள், மணமுறிவு, மறுமணம், உலகம் சுற்றல், அவுஸ்திரேலியாவில் ஒரு பண்ணை. இதெல்லாம் தனித் தொடருக்கு உரியவை. புதுச்சேரி அரவிந்தர் ஆச்சிரமத்தில் அன்னையிடம் தியானம் பழகியதை மட்டும் குறித்துக்கொள்வோம். 1979 யூலையில், ஐம்பத்தைந்து வயதில், தலையை மழித்து, கொழும்பில் நாரத தேரரிடம் துறவு பெற்றார். அய்யா கேமா என்று பெயர். ‘அய்யா’ என்றதும் எங்களுக்கு வேட்டி கட்டிய ஒரு பெரியவர்தான் நினைவுக்கு வருவார். பாளியில் அது துறவிப் பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல்.

பேரப்பிள்ளை கண்ட ஒரு பெண் துறவு பூண்டதில் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். அதற்கு எங்கள் கரைக்குத்தான் வரவேண்டும்.

பருத்தித்துறை முனையிலிருந்து கரையோரமாக மேற்கே போனால், காங்கேசன்துறை, கீரிமலை தாண்டி, மாதகல் பக்கம் சம்பில்துறை வரும். மகாவம்சம் சொல்லும் ஜம்புகோளப்பட்டினம் இதுதான் என்பார்கள். அசோகரின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்கிய துறை அது. அரச குடும்பத்து அனுலா தேவியும் அவரோடு இருந்த பெண்களும் துறவு கேட்டார்கள், ஆண் துறவி அதைக் கொடுக்க முடியாது என்பதால் சங்கமித்தை அழைக்கப்பட்டார் என்கிறது மகாவம்சம். இன்று அந்த இடத்துக்கு யார் உரிமை கொண்டாடுவது என்ற வழக்கை இங்கே இழுக்க எனக்கு விருப்பமில்லை. இலங்கையின் பிக்குணி மரபு வடக்குக் கரையில் தொடங்கியது என்பது நூல் சொல்லும் செய்தி. அது போதும்.

ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கைப் பிக்குணிகள் கப்பலேறிச் சீனா போனார்கள். அங்கே நூற்றுக்கணக்கான பெண்களுக்குத் துறவு கொடுத்தார்கள். அது நல்லதாய்ப் போயிற்று. ஏனென்றால் பதினோராம் நூற்றாண்டில், சோழர் அநுராதபுரத்தை வீழ்த்திப் பொலன்னறுவையில் இருந்த காலத்தோடு, இங்கே பிக்குணிச் சங்கம் அற்றுப்போனது. சோழரை விரட்டிய விஜயபாகு பர்மாவிலிருந்து பிக்குகளை வரவழைத்து ஆண்களின் சங்கத்தை நிமிர்த்தினான். பெண்களின் சங்கத்தை யாரும் நிமிர்த்தவில்லை. பிக்குணியாக்கப் பிக்குணிகள் வேண்டும் என்பது விதி. எரிகிற விளக்கில்தானே அடுத்த விளக்கை ஏற்ற முடியும்? இராஜராஜன், இராஜேந்திரன் வெற்றிகளை மார்தட்டிப் படித்தவன் நான். என் பாடப்புத்தகத்தில் இந்தப் பக்கம் இருக்கவில்லை.

ஆகவே அய்யா கேமா வந்தபோது இலங்கையில் துறவு விரும்பிய பெண்களுக்குத் ‘தச சில் மாதா’ என்ற நிலைதான். பத்து விரதம், மழித்த தலை, ஆனால் முழுத் துறவி இல்லை. ஜேர்மன் சுவாமி இருந்த பொல்கஸ்துவ தீவு பிக்குகளுடையது. அங்கே பெண் போய்த் தங்கிப் படிக்க வழியில்லை. அதனால் 1980களின் நடுப்பகுதியில் அதே வாவியில் பரப்புதுவ என்ற தீவில் பெண்களுக்கென்றே ஒரு மடம் அமைத்தார். வெளிநாட்டுப் பெண்களும் சிங்களப் பெண்களும் தோணியில் வந்து சேர்ந்தார்கள். 1987இல் புத்தகயாவில் உலகப் பௌத்த துறவிப் பெண்களின் முதல் மாநாட்டைக் கூட்டியவர்களில் ஒருவரும் அவரே. தலாய் லாமா வந்து பேசினார்.

1988இல் லொஸ் ஏஞ்சலஸ் ஷீ லாய் கோயிலில் அவர் முழுப் பிக்குணியானார். அது சீன மரபுக் கோயில். இலங்கையிலிருந்து கப்பலேறிப் போன விளக்கு, பதினைந்து நூற்றாண்டு கழித்து, பசிபிக் கடலுக்கு அப்பால் ஒரு பெர்லின் ஆச்சியின் கைக்கு வந்தது. ‘சீன விளக்கு எங்களுடையது ஆகாது’ என்று மறுத்த தேரவாதிகள் உண்டு, இன்றும் உண்டு. என்னைக் கேட்டால், கடன் கொடுத்தவன் திரும்ப வாங்குவதில் குற்றமென்ன?

1989இல் தெற்கில் ஜே.வி.பி. காலத்துக் கொலைகள், வடக்கில் இந்திய இராணுவம். அந்த வருடம் அவர் ஜேர்மனி திரும்பினார். புற்றுநோயோடு சில வருடம் வாழ்ந்து, 1997 நவம்பர் 2இல் காலமானார். அதற்கு முந்தின வருடம் சாரநாத்தில் இலங்கைப் பெண்கள் பத்துப்பேர் பிக்குணிகள் ஆகியிருந்தார்கள். அவர் இறந்த அடுத்த வருடம் தம்புள்ளையில் இலங்கை மண்ணிலேயே அது நடந்தது.

தொடந்துவைப் பக்கம் போனால் தோணிக்காரரிடம் பரப்புதுவ என்று கேளுங்கள், காட்டுவார். அங்கே இப்போது இருப்பவர்கள் பிக்குகள்.