விண்கப்பலில் யாருக்கு இடம்?

சோலூரில் இருக்கும் நமக்கு விண்வெளி அவ்வளவு தூரமில்லை. ஊட்டிக்கு அந்தப் பக்கம் முத்தோரையில், 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் வானத்தைக் கவனித்து வருகிறது. மலைச்சரிவின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய 11 டிகிரி என்பதால்தான் அங்கே அமைத்தார்கள். அதை உருவாக்கிய விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப்பின் பெயர் நமக்குத் தெரியும். அந்த இரும்பைச் சரிவில் ஏற்றி நிறுத்தியவர்கள் யாரென்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இளைஞர்களுக்கான விண்வெளிச் சாகசக் கதைகளையும் இதே கேள்வியோடு படிக்க வேண்டும். அப்படி ஒரு கதையை எழுதுபவர் முதலில் ஓர் உலகத்தைக் கட்டுகிறார். அங்கே கப்பலை ஓட்டுவது யார், அதன் கழிவறையைக் கழுவுவது யார், அதைத் தீர்மானிப்பது எது என்ற விதிகளும் அவர் எழுதுவதுதான்.

அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைன் 1953இல் 'ஸ்டார்மேன் ஜோன்ஸ்' எழுதினார். அந்த உலகில் நல்ல தொழில்களெல்லாம் சங்கங்களின் பிடியில் இருக்கின்றன. உறவினர் வழியாக உரிமை வந்தால்தான் உள்ளே போக முடியும். மாக்ஸ் என்ற விவசாயக் குடும்பத்துப் பையனின் மாமா விண்கப்பல் வழிகாட்டி. இவனைத் தன் வாரிசாகப் பதிவு செய்யாமலே இறந்துபோகிறார். கணக்கெல்லாம் தெரிந்தும் கதவு மூடியே இருக்கிறது. போலிச் சான்றிதழோடுதான் அவன் கப்பலேறுகிறான்.

நமக்கு இது புதிய கதையா? சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைக்கிறது என்று அம்பேத்கர் 1936லேயே சொல்லிவிட்டார். ஹைன்லைன் பிறப்புரிமையின் அநீதியைச் சரியாகவே காட்டுகிறார். ஆனால் மாக்ஸ் முன்னேறுவது, படித்ததை மறக்காத அபூர்வ நினைவாற்றலால். அந்த வரம் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? 'திறமை இருந்தால் வரலாமே' என்று நம்மிடம் சொல்கிறவர்களும் இந்தக் கேள்வியைத்தான் தாண்டிப் போகிறார்கள்.

1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் நிஷெல் நிக்கோல்ஸ் என்ற கறுப்பினப் பெண் கப்பல் அதிகாரியாக நடித்தார். அவர் விலக நினைத்தபோது, விலகக்கூடாது என்று தடுத்தவர் மார்ட்டின் லூதர் கிங். அந்தப் பாத்திரத்தைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992இல் உண்மையிலேயே விண்வெளிக்குப் போனார்.

நெடி ஒக்கோராஃபோரின் 'பின்டி' 2015இல் வந்தது. ஹிம்பா இனப் பெண் பின்டி, வேறொரு கிரகத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துப் புறப்படுகிறாள். உடலிலும் சடையிலும் தன் ஊரின் செம்மண் பூச்சு. வரிசையில் நிற்கும் ஒருத்தி கேட்காமலே அவள் சடையைப் பிடித்து இழுக்கிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் நாற்றம் என்கிறார்கள். பின்டி பூச்சைக் கழுவிக்கொள்வதில்லை. பிற்பாடு மருந்தாவதும் அதே மண்தான். தன் அடையாளத்தை மறைக்காமல் உள்ளே நுழைகிற நாயகி அவள்.

ஹைதராபாத்தில் 2016 ஜனவரி 17 அன்று இறந்த ரோகித் வெமுலா, கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத ஆசைப்பட்டதாகக் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். அவர் எழுதியிருக்கக்கூடிய புத்தகம் நமக்குக் கிடைக்கவே இல்லை. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் சாதியெதிர்ப்பு அறிவியல் புனைவுகளை ஆங்கிலத்தில் தொகுத்திருக்கிறது. தமிழில் நாம்தான் எழுத வேண்டும், தோழர்களே.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளை கப்பலை ஓட்டட்டும். அவள் அபூர்வ மேதையாக இருக்கத் தேவையில்லை. அந்தக் கப்பலில் கழிவறை கழுவும் வேலை யார் பிறப்போடும் ஒட்டியிருக்கக் கூடாது. உங்கள் உலகத்தைக் கட்டும்போது அந்த விதியை முதலில் எழுதுங்கள்.